ஒப்பாய்வு நிலையத்தின் மூன்று வாரம்

வாரா அம்பா மலையூரில் போய் யிர்தாவ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். "மூணு வாரம் வீடு எது?" என்று கேட்டால் கழுதை ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட நின்று கைகாட்டுவான். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது கோந்தர் நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய நிலையம். அவர் செய்ததெல்லாம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான்.

யிர்தாவ் அந்த ஊர் மாதா கோயிலின் பொருட்காப்பாளர். திருநாள் குடைகளும் வெள்ளிச் சிலுவையும் முரசுகளும் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தோல் புத்தகம். ஆட்டுத்தோலில், கோயில் மொழியான கீஸில் எழுதியது. ஹிதார் மாதம் இருபத்தொன்றாம் நாள் மாதா திருநாளில் அதைத் திறந்து வாசித்தால்தான் அந்த ஊருக்குத் திருநாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோந்தரிலிருந்து வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்தார்கள். படம் எடுக்க வேண்டும், மலைமேல் வெளிச்சம் போதவில்லை, கொண்டுபோய் எடுத்துவிட்டு மூன்றே வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்றார்கள். யிர்தாவ் நம்பினார்.

பதினோரு திருநாள் போய்விட்டது. பதினோரு திருநாளும் அச்சுப் புத்தகத்தை வைத்து வாசித்தார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் வந்து நின்று, "உங்க மாதா இன்னும் கோந்தர்ல படம் புடிச்சிக்கிட்டு இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கோயில் விருந்தில் யிர்தாவுக்கு வாசலோரமாக இடம் ஒதுக்கினார்கள். மாதாவின் புத்தகத்தைத் தொலைத்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. மகள் அழவில்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. அதுதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது.

வருஷத்துக்கு ஒன்றாகப் பதினோரு கடிதம் எழுதினார். பதில் வராததால், மழைக்காலம் முடிந்ததும் வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரில் புறப்பட்டார்.

நிலையத்தின் முழுப்பெயர் வாசலில் வெண்கலத்தில் இருந்தது: முன்னைப் பண்பாடுகளின் ஏட்டுக்கலை ஒப்பாய்வு உயர்நிலையம். அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னால் எழுதத் தெரிந்த நாட்டுக்காரர்களெல்லாம் தங்கள் ஏடுகளை எப்படிப் படி எடுத்தார்கள், எப்படிப் பிழை திருத்தினார்கள், எப்படி உரை எழுதினார்கள் என்பதை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இதன் வேலை. கிரேக்கப் பிரிவு, சீனப் பிரிவு, அரபுப் பிரிவு, சமஸ்கிருதப் பிரிவு, கீஸ் பிரிவு என்று ஐந்து பிரிவுகள். இதில் கீஸ் பிரிவின் நாற்காலி ஆறு வருஷமாகக் காலி. ஒப்பிடுவதற்கு நாலு போதும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

செயலர் ஹிருத் நல்ல பெண். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, கடுதாசி யிர்தாவ் நீங்கதானா?"

"ஆமாம்மா. எல்லாம் வந்து சேர்ந்துச்சா?"

"சேராம என்ன? உங்க கடுதாசியை வெச்சு இருநூறு பக்கத்துல புத்தகமே போட்டுட்டாங்க. உக்காருங்க, காப்பி தர்றேன். நம்ம வழக்கப்படி மூணு சுத்தும் குடிச்சிட்டுப் போங்க, உள்ள தெம்பு வேணும்."

கடிதத்துக்குப் பதில் எழுதாமல் புத்தகம் எழுதுகிற இடத்தை யிர்தாவ் அதுவரை பார்த்ததில்லை. மூன்று சுற்றுக் காப்பியையும் குடித்துவிட்டு உள்ளே போனார்.

இயக்குநர் டாக்டர் அம்சாலு ஒரு நீண்ட மேஜையின் தலைமாட்டில் இருந்தார். இரண்டு பக்கமுமாக நாலு பிரிவுத் தலைவர்கள். அவர்களுக்குப் பெயர்கள் உண்டு, ஆனால் அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கிரேக்கம், சீனம், அரபு, சமஸ்கிருதம் என்றுதான். அம்சாலு இருபது வருஷம் வெளிநாட்டில் படித்தவர். யிர்தாவைவிடப் பத்து வயது சின்னவர்.

"வா யிர்தாவ். உன் பிரச்சனை என்ன?"

"பிரச்சனை ஒண்ணும் இல்லைங்க ஐயா. எங்க புத்தகத்தைக் குடுத்தா எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். திருநாள் வருது."

அம்சாலு கண்ணை மூடித் திறந்தார். "இதைத்தான் பொதுமக்களுக்குப் புரியவைக்க முடியல. நாங்க எதையும் எடுத்து வெச்சுக்கறது இல்ல. ஒப்பிடறோம். ஒப்பிட்டு முடிச்சதும் திருப்பிக் குடுத்துடுவோம். இதுவரைக்கும் இந்த நிலையத்துல எதையும் ஒப்பிட்டு முடிச்சதே இல்ல. அவ்வளவு ஆழமா வேலை நடக்குது."

"மூணு வாரம்னு சொன்னாங்களே."

"யாரோட வாரம்?"

யிர்தாவுக்குக் கேள்வி புரியவில்லை.

"பழைய சீனத்துல வாரத்துக்குப் பத்து நாள். பழைய ரோமாபுரியில எட்டு. நீயா ஏழுன்னு எடுத்துக்கிட்டு வந்து நின்னா, அதுக்கு நிலையம் பொறுப்பாகுமா? உன் வாரம்தான் உலகத்துக்கே வாரம்னு நினைக்கிறது அறிவுலகத்துல பெரிய குத்தம்."

"பத்து நாளே வெச்சுக்கிட்டாலும் முப்பது நாள்தானேங்க ஐயா ஆகுது. பதினோரு வருஷம் ஆச்சு."

"பாருங்க, கணக்குப் போடறார்" என்றது சீனம், மெச்சுகிற மாதிரி.

பிறகு அந்த இருநூறு பக்கப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்கள். யிர்தாவின் கடிதங்களைப் பிரதி ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பு அது. பக்கத்தின் மேலே அவர் எழுதிய ஒரு வரி, கீழே அடிக்குறிப்பு இருபது வரி. கிரேக்கம் எழுந்து, கடிதங்களுக்கு வம்சாவளி மரம் வரைந்து காட்டியது. எந்தக் கடிதத்திலிருந்து எந்தக் கடிதம் பிறந்தது என்று கோடுகள் இருந்தன. உச்சியில் ஒரு வெறும் வட்டம். அது மூலக்கடிதமாம், அது தொலைந்துபோனதாம்.

"முதல் கடுதாசியைச் சொல்றீங்களா? அதுவும் நான்தானே எழுதினேன். இதோ முன்னால நிக்கிறேன். என்ன எழுதினேன்னு என்னையே கேளுங்களேன்."

"எழுதினவர் சொல்றதை ஏத்துக்க முடியாது. அவருக்கு விருப்பு வெறுப்பு இருக்கும்" என்றது கிரேக்கம்.

அரபு, கடிதம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலியை ஆராய்ந்திருந்தது. நாலாவது கடிதத்தைக் கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரனின் நாணயத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காததால் அந்தக் கடிதம் பலவீனமானது என்று தள்ளிவிட்டார்கள். சீனம், "தயவு செய்து" என்ற சொல் முதல் ஏழு கடிதங்களில் இருப்பதையும் பிந்தைய நாலில் காணாமல் போனதையும் எண்ணி, பிந்தையவை வேறு யாரோ எழுதியவை என்று நிறுவியிருந்தது.

"கோவத்துலங்க" என்றார் யிர்தாவ். "ஏழு வருஷத்துக்கு அப்புறம் கோவம் வந்துருச்சு."

யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சமஸ்கிருதம் மென்மையாகப் பேசியது. "எங்க முறை ரொம்ப நியாயமானது. எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு முதல்ல முழுசா எடுத்துச் சொல்லுவோம். அப்புறம்தான் மறுப்போம். 'புத்தகத்தைத் திருப்பிக் குடுங்க' அப்படிங்கறது எதிர்த்தரப்பு. அதை நாங்க மூணு வருஷம் ரொம்ப நல்லா எடுத்துச் சொன்னோம். இப்ப மறுத்துக்கிட்டு இருக்கோம்."

கடைசியில் முடிவை அம்சாலுவே வாசித்தார். "பிரதிகள் முரண்படும்போது எளிமையான பாடத்தைச் சந்தேகிக்கணும், கடினமான பாடத்தை ஏத்துக்கணும். இது எங்க துறையில பெரிய விதி. ஏன்னா, படி எடுக்கிறவன் கஷ்டமானதைச் சுலபமா மாத்துவானே தவிர, சுலபமானதைக் கஷ்டமா மாத்த மாட்டான். 'புத்தகத்தைத் திருப்பிக் குடுங்க' – இதை எவன் வேணாலும் எழுதுவான். ரொம்ப எளிமை. ஆகவே அது பிற்சேர்க்கை. மூலக்கடிதத்துல இருந்தது, 'புத்தகத்தை நீங்களே வெச்சுக்கோங்க'. அதுதான் யாரும் எழுதத் துணியாத கடினமான பாடம். நிலையம் உன் நன்கொடைக்கு நன்றி சொல்லுது."

நாலு பிரிவும் மேஜையைத் தட்டின. யிர்தாவுக்குக் காது அடைத்தது. வாசலோரத்து இடமும், அழாமல் நின்ற மகளும், பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களின் சிரிப்பும் ஒன்றாகக் கண்முன் வந்தன. அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தார். வயது அறுபத்திரண்டு, மேஜையோ கருவேல மரம்.

அப்போதுதான் அம்சாலு அவருக்கு ஒரு வேலை வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஹிதார் பதினைந்தாம் நாள் நிலையத்தின் ஆண்டுவிழா. அமைச்சர் வருகிறார், பல நாட்டு அறிஞர்கள் வருகிறார்கள். மேடையில் அந்தத் தோல் புத்தகத்தை மரபுப்படி வாசிக்க வேண்டும். "உங்க ஊர்ப் பாதிரியார், முரசு, ஜனங்க எல்லாரும் வரட்டும். பஸ் அனுப்பறேன். வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் விரும்புவாங்க. வாசிக்கறது நீ. அதுக்கு முன்னால ஒண்ணு எழுதணும்."

அவர் ஒரு பெரிய படத்தை நகர்த்தினார். புத்தகத்தின் கடைசி ஏட்டின் படம்தான், ஆனால் ஏடு முழுவதும் இல்லை. ஒரு பெயர் அளவுக்குத் தோல் சுரண்டப்பட்டுக் காலியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அந்த இடைவெளியை ஒப்பிட்டு நிலையம் ஐந்து நூல்கள் வெளியிட்டிருந்தது. இடைவெளியைச் சுற்றியுள்ள வரிகள் கீஸ் பிரிவின் பொறுப்பு என்பதால் யாரும் அதில் தலையிடவில்லை.

யிர்தாவ் அந்த இடத்தைப் பார்த்தார். அவருக்கு அது மனப்பாடம். அந்த ஊர்க் குழந்தைக்கும் மனப்பாடம். கடைசி ஏட்டில் இருப்பது சாபம். இந்தப் புத்தகத்தைத் திருடுகிறவனும், வலுவில் கொண்டுபோகிறவனும், எழுத்தைச் சுரண்டுகிறவனும் பேதுரு பவுல் வாயால் திருச்சபையிலிருந்து விலக்கப்படட்டும் என்ற வழக்கமான சாபம். அதற்குக் கீழே, வாரா அம்பாவில் மட்டும் உள்ள வழக்கமாக, திருடனின் பெயரையே எழுதிவிடுவார்கள். திருநாளில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். யிர்தாவின் பாட்டன் காலத்தில் ஒரு படைத்தலைவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனான், பெயர் ஏறியது, ஏழாம் மாதம், மன்னிப்புக் கேட்கிறவர்கள் வழக்கப்படி பிடரியில் கல்லைச் சுமந்துகொண்டு வந்து திருப்பிக் கொடுத்தான். பாதிரியார் மன்னித்தார், பெயரைச் சுரண்டினார்கள். அதுதான் இடைவெளி.

"ஐயா, அது கள்ளன் பேரு இருந்த எடம்" என்றார் யிர்தாவ்.

"நாட்டுப்புறக் கதை" என்று எழுதிக்கொண்டது கிரேக்கம்.

"கதை இல்லைங்க. அங்க பேரு எழுதக்கூடாது. எழுதினா வெளங்காது."

அம்சாலு விரலை மடக்கினார். "சீன ஏட்டுக் கடைசியில யார் பேரு வரும்? செலவு ஏத்துக்கிட்ட புரவலர் பேரு. அரபு ஏட்டுல? தானம் பண்ணினவர் பேரு. கிரேக்கத்துல? புரவலர். சமஸ்கிருதத்துல? புரவலர். நாலு பெரிய மரபு ஒரே விஷயத்தைச் சொல்லுது. நீ ஒருத்தன் வேற சொல்றே. நாலுக்கு ஒண்ணு. நீ தகவலாளி, யிர்தாவ். தகவல் சொல்றதோட நிறுத்திக்கோ. அர்த்தம் சொல்றது எங்க வேலை."

"யார் பேரை எழுதணும்?"

அம்சாலு கூச்சப்பட்டார். நாலு பிரிவும் ஒரே குரலில், இந்தக் காலத்துப் புரவலர் இயக்குநர்தான் என்று ஒப்பிட்டுச் சொல்லின.

"மூணாவது தடவையும் சொல்லிடறேன்" என்றார் யிர்தாவ். அவர் மனச்சாட்சி உள்ள மனிதர். "அது கள்ளனுக்கு உண்டான எடம். அதுல உங்க பேரு வேணாம்."

"எழுதறியா, இல்ல வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

அந்த நிமிஷத்தில் யிர்தாவின் வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. பதினோரு வருஷமாக அப்படிக் குளிர்ந்ததில்லை.

"எழுதறேங்க ஐயா. உத்தரவை எழுத்துல குடுத்துடுங்க. முத்திரையும் வெச்சுடுங்க. நான் வேண்டாம்னு மூணு தடவை சொன்னதையும் அதுலயே போட்டுடுங்க."

ஹிருத் தட்டச்சு செய்தாள். 'தகவலாளியின் மறுப்பு மும்முறை பதிவு செய்யப்பட்டு, ஒப்பியல் அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. தாளைக் கொடுக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, நிஜமாவே அது...?"

"நிஜம்தாம்மா."

"அப்ப நல்லா அழுத்தி எழுதுங்க."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து வைத்தார்கள். யிர்தாவ் நாணல் பேனாவைச் சீவினார். எந்த மை என்று கேட்டார். கள்ளன் பெயரைக் கறுப்பில் எழுதுவதுதான் ஊர்வழக்கம். "சிவப்பு" என்றார் அம்சாலு, "படத்துல எடுப்பாத் தெரியணும்." அம்சாலு தெஸ்ஸெமா என்று யிர்தாவ் தன் வாழ்நாளிலேயே அழகான எழுத்தில் எழுதினார்.

விழாவன்று வாரா அம்பாவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஜனங்கள் வந்தார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு புத்தகத்தைப் பார்த்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். மேடையில் அமைச்சர், அறிஞர்கள். முன்வரிசையில் இயக்குநரின் தாயார் யெஷி அம்மாள், ஒரு நோன்புகூடத் தவறவிடாத மனுஷி. அம்சாலு பேசினார்.

"ஒரு ஏட்டின் உண்மையான பிறப்பிடம் அது எழுதப்பட்ட ஊர் அல்ல. அது ஒப்பிடப்படும் ஊர்! பிறந்த ஊரில் அது வெறுமனே வாசிக்கப்பட்டது. இங்கேதான் அது ஆராயப்படுகிறது. பதினோரு ஆண்டுகளாக இதை வாசிக்காமலே நாங்கள் நூற்றுப் பதினாலு கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்."

பலத்த கைதட்டல்.

யிர்தாவ் எழுந்து கடைசி ஏட்டைத் திறந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் வாசிக்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தார். திருடுகிறவன் என்றதும் ஊர்ஜனம் எழுந்து நின்றது. வலுவில் கொண்டுபோகிறவன் என்றதும் பாதிரியார் கெப்ரே சிலுவையை உயர்த்தினார். பேதுருவின் வாயால், பவுலின் வாயால். பிறகு பெயர். அம்சாலு தெஸ்ஸெமா.

"ஆமென்" என்றார்கள் இருநூறு பேர்.

தன் பெயர் கேட்டதும் அம்சாலு எழுந்து நெஞ்சில் கைவைத்து வணங்கினார். ஜனங்கள் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. வெளிநாட்டு அறிஞர்களுக்கு மொழிபெயர்ப்பாளர், "இது புரவலர் வாழ்த்து" என்று அச்சடித்த குறிப்பைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் யெஷி அம்மாள் மட்டும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

படக்காரன் மேடைக்கு ஓடிவந்து ஏதோ சொன்னான். அம்சாலு யிர்தாவின் பக்கம் குனிந்தார்.

"பேரு வர்ற எடத்தைப் படம் புடிக்கல. இன்னொரு தடவை வாசி. கொஞ்சம் சத்தமா."

"தாராளமாங்க ஐயா" என்றார் யிர்தாவ். சத்தமாகவே வாசித்தார். ஆமெனும் சத்தமாகவே வந்தது.

விழா முடிந்து காருக்குப் போனார் அம்சாலு. ஓட்டுநர் சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். "மன்னிச்சிருங்க ஐயா. எனக்குப் புள்ளைங்க இருக்கு." வாசலில் காப்பி விற்கிறவள் இவரைக் கண்டதும் கோப்பைகளைக் கவிழ்த்தாள். வீட்டில் தாயார், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற வட்டத்தட்டில் இன்ஜெரா அப்பம் பரிமாறியிருந்தாள், ஒரு ஆளுக்கு மட்டும்.

"என் தட்டுல கை வெக்காதே."

"அம்மா, அது புரவலர் பேரு வர்ற எடம். நாலு மரபுலயும்..."

"அந்த நாலு மரபுக்காரன் வீட்டுல போய்ச் சாப்புடு. நீ செத்தா எந்தப் பாதிரியார்டா வந்து நிப்பான்? நான் பெத்தது கள்ளனையாடா?"

மறுநாள் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. நாலு பிரிவுத் தலைவர்களும் விடுப்பு எடுத்திருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் நாலு பேரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: திருநாள். ஹிருத் மட்டும் வந்து, அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஹிதார் இருபதாம் நாள் மதியம், திருநாளுக்கு முந்தைய நாள், வாரா அம்பா மலைப்பாதையில் ஒரு ஆள் ஏறி வந்தார். காலில் செருப்பு இல்லை. பிடரியில் ஒரு கல், மார்போடு அணைத்தபடி ஒரு துணிமூட்டை. பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள்கூட அந்தக் கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்று அவர்கள் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை.

கோயில் வாசலில் அம்சாலு கல்லோடு மண்டியிட்டார். யிர்தாவ் மூட்டையைப் பிரித்தார். நூற்றுப் பன்னிரண்டு ஏடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. பிறகு புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டுகிற சத்தம் கேட்டதும், கூட்டத்தில் நின்ற மகள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதினோரு வருஷத்து அழுகை அது.

பாதிரியார் கெப்ரே கல்லை இறக்கிவைத்தார். "நான் மன்னிச்சிட்டேன். பேரைச் சுரண்டறது காப்பாளர் வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"காப்பாளர் ஐயா" என்றார் அம்சாலு. முதல்முறையாக மரியாதை வந்திருந்தது. "நாளைக்குத் திருநாள்ல வாசிக்கறதுக்குள்ள அந்தப் பேரை எடுத்துடுங்க. எங்கம்மா என் முகத்துலயே முழிக்க மாட்டேங்கறாங்க."

யிர்தாவ் மடியிலிருந்து அந்த முத்திரைத் தாளை எடுத்து விரித்துப் பார்த்தார். மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"வாயால சொன்னா ஏத்துக்க முடியாதுங்க. சொல்றவருக்கு விருப்பு வெறுப்பு இருக்கும். கடுதாசி போடுங்க. பேரை எடுத்துடுங்கன்னு எழுதாதீங்க, அது ரொம்ப எளிமை."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

"ஐயா, தயவு செஞ்சு."

"சரி, எழுந்திருங்க. தோலுக்குச் சேதம் இல்லாமச் சுரண்டணும், ஆற அமரச் செய்யற வேலை. மூணே வாரம்."

அம்சாலு எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை. நாளைக்கு வாசிப்பு இருக்கிறது, பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூணு வாரம்னா... யாரோட வாரம்ங்க?"

யிர்தாவ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்."